கொண்டை ஊசி கூடாது

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஜப்பான் காகித பலூன்களில் குண்டுகளைக் கட்டி அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்டது. அந்த ஆயுதத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல், ராபர்ட் மிக்கேஷ் எழுதி 1973இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வேடு. வரைபடங்கள், கருவிகளின் அமைப்பு, பலூன் விழுந்த இடங்களின் நீண்ட பட்டியல் என்று பொறியியல் கண்ணோடு எழுதப்பட்ட நூல் அது. தயாரிப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில், வேலை செய்தவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் போகிற போக்கில் வந்துபோகின்றன. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தலையில் கொண்டை ஊசி குத்தியிருக்கக் கூடாது.

காகிதத்தில் மெல்லிய கீறல் விழுந்தாலும் ஹைட்ரஜன் கசிந்துவிடும், பலூன் பசிபிக் கடலில் விழுந்துவிடும். கட்டுப்பாட்டுக்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் கொண்டை ஊசி என்றால் பெண்கள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் என்பதையும் அந்த நூல் சொல்கிறது. அதற்கு மேல் அவர்களைப் பற்றி அங்கே அதிகம் இல்லை. எந்த ஊர், என்ன வயது, என்ன சாப்பிட்டார்கள், தாங்கள் ஒட்டுவது என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா? என் தேடல் இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கியது.

முதலில் அந்த ஆயுதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் ஒவ்வொரு பாகத்திலும் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் தலைமையில் வந்த அமெரிக்க விமானங்கள் டோக்கியோ மீது குண்டு போட்டன. பதிலுக்கு அமெரிக்க மண்ணைத் தொட்டே தீர வேண்டும் என்று ஜப்பானிய ராணுவம் துடித்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் விமானம் அதனிடம் இல்லை. காற்று இருந்தது. டாதேனோ என்ற இடத்தில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தில் ஓயிஷி வாசாபுரோ என்ற அறிஞர் 1920களிலேயே, ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் கடுங்காற்றை அளந்து எழுதிவைத்திருந்தார். குளிர்காலத்தில் அந்தக் காற்றோட்டத்தில் ஏறிவிட்டால், ஒரு பலூன் இரண்டு மூன்று நாளில் பசிபிக்கைக் கடந்துவிடும்.

பலூனின் குறுக்களவு 10 மீட்டர். ஒரு பலூனுக்குச் சுமார் 600 தாள்கள். தாள், கோஸோ என்ற காகித முசுக்கொட்டையின் பட்டைநாரில் கையால் செய்யப்படும் வாஷி. பசை, கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவைக் கரைத்துச் செய்தது. கொன்யாக்கு நம் சேனைக்கிழங்கின் பங்காளி. தாவரவியல்படி இரண்டும் ஒரே பேரினம். தாள்களை மூன்று நான்கு அடுக்காக இந்தப் பசையால் ஒட்டி உலர்த்தினால் ஹைட்ரஜனைப் பிடித்துவைக்கும் உறுதியான தோல் கிடைத்துவிடும். கீழே தொங்கும் வளையத்தில் மணல் மூட்டைகள், 15 கிலோ வெடிகுண்டு, சில தீக்குண்டுகள். இரவில் குளிரால் வாயு சுருங்கிப் பலூன் தாழும்போது, காற்றழுத்தமானி ஒன்று மணல் மூட்டையைக் கழற்றிவிடும், பலூன் மீண்டும் ஏறும். பகலில் வெயிலில் வாயு விரிந்தால் அடைப்பிதழ் திறந்து கொஞ்சம் வெளியேறும். மணல் தீரும்போது அமெரிக்கா வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. இதன் ரகசியப் பெயர் ‘ஃபூ-கோ’. 1944 நவம்பர் 3 தொடங்கி 1945 ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன்கள் மூன்று கடற்கரைகளிலிருந்து ஏவப்பட்டன: இபராக்கியில் ஓட்சு, சிபாவில் இச்சினோமியா, ஃபுகுஷிமாவில் நாகோசோ.

காற்றைக் கண்டவர் பெயர் இருக்கிறது. திட்டத்தை நடத்திய ராணுவத் தளபதி குசாபா சுயேயோஷியின் பெயர் இருக்கிறது. 9,300ஐ 600ஆல் பெருக்கினால் ஐம்பத்தைந்து லட்சம் தாள்களுக்கு மேல் வருகிறது. அவற்றை ஒட்டிய கைகளைத் தேடி நான் முதலில் போனது அமெரிக்கத் தரப்பு ஆவணங்களுக்கு. காரணம் எளிது. எதிரி விட்டெறிந்த பொருளை ஆராய்பவன், செய்தவனைவிட அதிகமாக எழுதிவைப்பான்.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் துப்பறிதலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. கண்டெடுத்த மணல் மூட்டைகள் வாஷிங்டனில் இருந்த அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் ராணுவப் பிரிவுக்குப் போயின. மணலில் இருந்த கனிமங்களைக் கிளாரன்ஸ் ராஸ் பார்த்தார். கென்னத் லோமன் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் கூடுகளை எண்ணினார். ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளைக் கேத்ரின் லோமன் ஆராய்ந்தார். சிப்பித் துண்டுகளை ஜூலியா கார்ட்னர் அடையாளம் கண்டார். மணலில் பவழத் துகள் இல்லை, ஆகவே தெற்கு ஜப்பான் கிடையாது. கிரானைட் துகள் இல்லை, இன்னும் சில கரைகள் விலகின. போருக்கு முன் ஜப்பானிய அறிஞர்களே வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, ஜப்பானின் முதன்மைத் தீவான ஹோன்ஷூவின் கிழக்குக் கரையில் இரண்டு இடங்களைச் சுட்டினார்கள். அதில் ஒன்று இச்சினோமியா. சரியான விடை. உலகத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிடி மணலைக் கொண்டு கடற்கரையையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மணலைத் தந்த கடற்கரை கிடைத்தது, தாளை ஒட்டிய பெண்கள் அந்தக் கோப்புகளில் கிடைக்கவில்லை. தாளின் தடிமன், பசையின் வேதியியல், வாயு கசியும் அளவு எல்லாம் உண்டு. போர்க்கால உளவுத்துறைக்கு அதுதான் வேலை என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் கேத்ரின் லோமன், ஜூலியா கார்ட்னர் என்ற இரண்டு பெண்கள் பூதக்கண்ணாடியில் குனிந்திருந்த அதே மாதங்களில், கடலுக்கு அந்தப் பக்கம் பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் அதே பலூனின் தாள்மேல் குனிந்திருந்தார்கள் என்பதை அந்த அறிக்கைகளைப் படிக்கும்போது என்னால் மறக்க முடியவில்லை.

சரி, செய்தவர்களின் ஆவணங்கள் எங்கே?

எரிந்துவிட்டன. எரிக்கச் சொன்ன உத்தரவு மட்டும் எரியாமல் தப்பியிருக்கிறது. 1945 ஆகஸ்ட் 15, ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணாகதியை அறிவித்த நாள். அறிவிப்பு நண்பகலில். அன்று காலை எட்டரை மணிக்கே ராணுவ அமைச்சகத்திலிருந்து உத்தரவு போய்விட்டது: எதிரியின் கையில் சிக்கினால் பாதகமாகும் சிறப்பு ஆராய்ச்சிகளின் சான்றுகளை உடனே இல்லாமல் செய்ய வேண்டும். அந்தக் குறிப்பில் முதல் இனமாக இருப்பது ஃபூ-கோவும், அதை உருவாக்கிய நோபோரித்தோ ராணுவ ஆய்வுக்கூடமும். உயிருள்ள மனிதர்கள்மீது சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவு அடுத்த இனமாகத்தான் வருகிறது. காகித பலூனுக்கு ஏன் இந்த முன்னுரிமை என்று யோசித்தால், அந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த மற்ற வேலைகள் நினைவுக்கு வரும். நஞ்சு, உளவுக் கருவிகள், சீனாவின் பொருளாதாரத்தைக் குலைக்கக் கள்ளநோட்டு, கால்நடை நோய்க்கிருமி ஆராய்ச்சி. போர் முடிந்து வந்த அமெரிக்க அதிகாரிகள், பலூன் திட்டத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஜப்பானிய அதிகாரிகளின் வாய்ச்சொல்லையே நம்பி எழுத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் தேடல் நின்றிருக்கும். நோபோரித்தோவைப் பற்றி 1980களில் கேள்வி கேட்கத் தொடங்கிய பள்ளி மாணவர்கள்தான் அதற்கு மேல் வழிகாட்டினார்கள். கவாசாகியில் ஹோசெய் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் உயர்நிலைப் பள்ளி, ஆய்வுக்கூடம் போரின் கடைசியில் இடம்பெயர்ந்த நாகானோ மாநிலத்தில் அக்காஹோ உயர்நிலைப் பள்ளி. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் ஆசிரியர்களின் துணையோடு, அங்கே வேலை பார்த்த முதியவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். நாற்பது ஆண்டுகள் மனைவி மக்களிடம்கூட வாய் திறக்காதவர்கள் அவர்கள். ஆய்வுக்கூடத்தின் முன்னாள் தொழில்நுட்ப அதிகாரி பான் ஷிகேயோ, பெரியவர்களிடம் மறுத்ததை இந்தப் பிள்ளைகளிடம் சொன்னார்.

அவர்கள் தேடலில் கிடைத்த ஒரு கோப்பைப் பற்றிப் படித்தபோது எழுந்து நடக்கத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் இளம் வயதிலேயே தட்டச்சராகச் சேர்ந்த ஒரு பெண். ஜப்பானியத் தட்டச்சு சாதாரண வேலை கிடையாது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் அடுக்கிய தட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து அச்சிட வேண்டும். தன் தட்டச்சு எப்படித் தேறிவருகிறது என்று பார்ப்பதற்காக, அவர் அடித்த தாள்களில் ஒரு படியைத் தனக்கென எடுத்துவைத்திருந்தார். அலுவலகக் கடிதங்கள், பொருள் கேட்டு எழுதிய கோரிக்கைகள் என்று அன்றாட வேலையின் தாள்கள். அவற்றைத் தைத்துக் கட்டிய கோப்பு, பல்வகைத் தாள்களின் கட்டு என்ற பொருளில் ‘ஸாஷ்ஷோ ட்சுஸுரி’ என்று அழைக்கப்படுகிறது. தளபதிகளின் பெட்டகங்கள் காலியான நாட்டில், ஒரு பெண் பயிற்சிக்காக வைத்திருந்த தாள்கள் பிழைத்திருந்தன. எந்த வேதிப்பொருள் எந்த ஆய்வுக்கூடத்துக்கு வாங்கப்பட்டது என்பது போன்ற விவரங்களை இன்று வரலாற்றாசிரியர்கள் அதிலிருந்து எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தின் நிலம் போருக்குப் பிறகு மெய்ஜி பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அங்கே இகுட்டா வளாகத்தில், பழைய ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றிலேயே 2010இல் நோபோரித்தோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் தொடங்கிவைத்த வேலை அது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தட்டச்சுப் பெண் அலுவலகத்தில் இருந்தவர். பசை ஒட்டியவர்கள்? அவர்கள் பல்லாயிரம் பேர், நாடு முழுவதும் சிதறியிருந்தவர்கள். 1944 ஆகஸ்டில் வந்த அரசாணைகள் மாணவர்களையும் திருமணமாகாத இளம்பெண்களையும் தொழிற்சாலை வேலைக்கு இழுத்தன. போர் முடியும்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் வகுப்பறையை விட்டு வேலைக்களத்தில் இருந்தார்கள். பலூனைக் காற்றடைத்துச் சோதிக்க உயரமான கூரை வேண்டும். ஆகவே டோக்கியோவில் சூமோ மல்யுத்த அரங்கமான கொக்குகிகான், நிச்சிகெக்கி திரையரங்கு, டோக்கியோ தகராசூக்கா நாடக அரங்கம் எல்லாம் பலூன் பட்டறைகள் ஆயின. தகராசூக்கா, பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற நாடகக் குழு. பள்ளி மாணவிகள் அதற்கு உயிரை விடுவார்கள். 1944 மார்ச்சில் அரசாணையால் அந்த அரங்கம் மூடப்பட்டது. பிறகு மேடையைக் காண வந்த வயதுடைய பெண்களே அங்கே பசை வாளியோடு நின்றார்கள். இவர்களைப் பற்றிக் கோபயாஷி எரிகா 2024இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு தனிப்பட்ட பெண்ணின் குரலை நான் கேட்டது வேறு நூலில். ஹருக்கோ தாயா குக், தியோடர் குக் இருவரும் தொகுத்து 1992இல் வந்த ஜப்பானியப் போர்க்கால வாய்மொழி வரலாற்றில் தனாகா தெட்சுக்கோ என்ற பெண்மணி பேசுகிறார். ஹோன்ஷூவின் மேற்குக் கோடியில் உள்ள யமகுச்சியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவியாக இருந்தவர். மிக்கேஷ் நூலில் கொண்டை ஊசியாக மட்டும் தெரிந்த பெண்ணுக்கு இங்கே ஊர், பள்ளி, தோழிகள், பசி எல்லாம் வந்துவிடுகின்றன.

அவருடைய சாட்சியத்தையும், அதே பள்ளித் தோழிகள் பிற்காலத்தில் சொன்னவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் படம் இது. 1944இல் வேலை பள்ளி வளாகத்திலேயே தொடங்கியது. பலகைகளில் தாளை விரித்துப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி வெயிலில் காயவைத்தார்கள். பாடம் சுருங்கிப் பசை பெருகியது. 1945 ஜனவரியில், கடற்காலைக் கடந்து கியூஷூ தீவிலுள்ள கொக்குரா ராணுவ ஆயுதச்சாலைக்கு அவர்களை அனுப்பினார்கள். விடுதி வாழ்க்கை. நெற்றியில் பட்டி. பன்னிரண்டு மணி நேர வேலை, பகல் ஒரு முறை, இரவு ஒரு முறை. உலர்த்தும் பலகைகளின் ஈர வெக்கையும் வெளியே உறையும் குளிரும் மாறி மாறி. பசையில் ஊறிய விரல்கள் வெடித்தன. சாப்பாடு போதாது. பசியில் சில பெண்கள் கொன்யாக்குப் பசையையே வழித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நாட்டுக் கடைகளிலிருந்து அந்தக் கிழங்கு மறைந்துபோயிருந்தது, எல்லாம் பலூனுக்குப் போயிற்று. ஒட்டி முடித்த தாளுக்கு அடியில் விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். மெலிந்த இடம் வெளிச்சமாகத் தெரிந்தால் திரும்ப ஒட்ட வேண்டும்.

ரகசிய ஆயுதம் செய்கிறோம் என்று தெரியும். பலூன் என்று தெரியும். அது எங்கே போய் விழுந்தது என்று போர் முடியும்வரை மட்டுமில்லை, அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தெரியாது. இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. ஒரு நாட்டில் தாய்மார்களும் ஆசிரியர்களும் ஆகி, செய்தித்தாள் படித்து வாழ்ந்த பெண்களுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்?

விடையின் ஒரு பாதி, ஜப்பானில் எரிந்த ஆவணங்களிலும் மூடிய வாய்களிலும் இருக்கிறது. மறுபாதி அமெரிக்காவில் இருக்கிறது. 1945 ஜனவரி தொடக்கத்தில் பத்திரிகைகளில் மர்ம பலூனைப் பற்றிச் செய்தி வந்தவுடன், அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் ஜனவரி 4 அன்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டது: இனி எழுதாதீர்கள், விழுகிறது என்று தெரிந்தால் ஜப்பான் இன்னும் அனுப்பும். பத்திரிகைகள் வாயடைத்தன. ஜப்பானியத் தளபதிகளுக்குப் பலன் தெரியவில்லை. அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஹைட்ரஜன் ஆலைகளையும் தாக்கிவிட்டதால் ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ராணுவ நோக்கில் இந்தத் தணிக்கை முழு வெற்றி. அதன் விலையை ஓரிகன் மாநிலத்தில் பிளை என்ற மரவெட்டும் சிற்றூர் கொடுத்தது.

1945 மே 5, சனிக்கிழமை. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் ஆர்ச்சி மிட்செல், தம் மனைவி எல்சியையும் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரையும் கியர்ஹார்ட் மலைக்குச் சிற்றுலா அழைத்துப் போனார். எல்சிக்கு 26 வயது, ஐந்து மாதக் கர்ப்பிணி. பாதிரியார் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, மற்றவர்கள் காட்டில் ஏதோ கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். அவர் எச்சரித்துக் கத்துவதற்குள் வெடித்துவிட்டது. எல்சியும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள். டிக் பாட்ஸ்கி 14, அவன் தங்கை ஜோன் பாட்ஸ்கி 13, எட்வர்ட் எங்கன் 13, ஜே கிஃபர்ட் 13, ஷெர்மன் ஷூமேக்கர் 11. பலூனைக் கண்டால் தொடாதே என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தடை இருந்தது. அந்த மாதக் கடைசியில்தான் தடை தளர்ந்தது. பள்ளிகளில் எச்சரிக்கை செய்தார்கள். 1949இல் அமெரிக்க நாடாளுமன்றம் மிட்செலுக்கு 5,000 டாலரும், பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர் வீதமும் இழப்பீடு கொடுத்தது. அரசு எச்சரிக்காததே சாவுக்குக் காரணம் என்பதுதான் என் தீர்ப்பும். போர் ரகசியம் என்ற பெயரில் தன் பிள்ளைகளிடமே மறைத்ததில் இரண்டு அரசுகளும் ஒன்றுதான்.

1950இல் அந்த இடத்தில் கல்லால் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கண்டப் பரப்பில் எதிரித் தாக்குதலால் உயிர்ச்சேதம் நேர்ந்த ஒரே இடம் என்று அதில் பொறித்திருக்கிறது. ஜோனின் பெயரும் அதில் உண்டு. அவளும் போர்க்கால உள்நாட்டில் வளர்ந்த பதின்வயதுப் பெண்தான்.

பிளைக்கும் யமகுச்சிக்கும் இடையே கோடு போட்டவர் ஒரு மக்கள்தொகை அறிஞர். தகேஷிட்டா யுசுரு, அமெரிக்காவில் ஜான் தகேஷிட்டா. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கலிஃபோர்னியாவில் பிறந்து, சிறுவயதில் சில காலம் ஜப்பானில் பள்ளியில் படித்தவர். போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். அவர் இருந்த டூலி ஏரி முகாம், பிளையிலிருந்து வெகுதூரம் இல்லை. 1980களின் நடுவில் ஜப்பான் போனபோது, பழைய பள்ளித் தோழி ஒருவர் தான் மாணவியாக பலூன் குண்டு செய்ததைச் சொன்னார். ஓரிகனில் ஆறு பேர் இறந்த விவரம் தகேஷிட்டாவுக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர் வழியாகத்தான் அவர்கள் அறிந்தார்கள்: தங்கள் தாள் எங்கோ போய் இறங்கியது, இறந்தவர்களில் ஐந்து பேர் அன்று ஏறக்குறைய தங்கள் வயதினர்.

அவர்கள் செய்ததை ஆவணக் கண்ணோடு பார்க்கிறேன். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். 1987இல் தகேஷிட்டா அவற்றைப் பிளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1995இல் ஐம்பதாம் ஆண்டு நினைவின்போது நினைவுச் சின்னத்தின் அருகே ஆறு செர்ரி மரங்கள் நடப்பட்டன. எந்த ராணுவக் கோப்பும் தராத ஒன்றை அந்தக் கொக்குகளும் கடிதங்களும் தருகின்றன. நாங்கள்தான் செய்தோம் என்று செய்தவர்களே தங்கள் கையால் எழுதி ஒப்புக்கொண்ட சான்று அது. அரசு எரித்த பக்கத்தைப் பள்ளித் தோழிகள் திரும்ப எழுதிவிட்டார்கள்.

ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது இன்னும் ஒரு தொடர்பு தெரிந்தது. அதை எழுதாமல் விட மனமில்லை. 1945 மார்ச் 10 அன்று ஒரு பலூன் வாஷிங்டன் மாநிலத்தில் மின்கம்பியில் மோதியது. ஹான்ஃபோர்டு அணு உலைக்கு மின்சாரம் நொடிப்பொழுது தடைபட்டு, உலை தானாக நின்றது. அங்கே தயாராகிக்கொண்டிருந்தது புளுட்டோனியம். உலையை மீண்டும் ஓடவைத்தார்கள், வேலை தொடர்ந்தது. ஆகஸ்ட் 9 அன்று அந்தப் புளுட்டோனியத்தால் ஆன குண்டைச் சுமந்து போன விமானத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த முதல் இலக்கு, கொக்குரா ஆயுதச்சாலை. யமகுச்சிப் பெண்கள் இரவு பகலாகப் பசை ஒட்டிய அதே இடம். விமானம் மூன்று முறை வட்டமடித்தது. மேகமும் புகையும் மறைத்தன. இலக்கு தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது.

பிளையில் விழுந்த பலூனின் தாளை எந்த ஊர்ப் பெண்கள் ஒட்டினார்கள் என்பதை எந்தச் சான்றும் சொல்லாது. நானும் சொல்ல முற்படவில்லை. யமகுச்சிப் பெண்களும் அது தங்களுடையதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களை நான் மதிப்பதற்கு அதுவே காரணம்.

மண்ணிலும் இன்னும் சான்றுகள் கிடக்கின்றன. 9,300இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்டவை, கண்ணில் பட்டவை எல்லாம் சேர்த்துச் சுமார் 300தான். 2014இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லம்பி என்ற ஊரருகே காட்டில் வேலை செய்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆபத்தாக இருந்ததால் ராணுவம் வந்து வெடிக்கச் செய்தது. உலோக வளையம் கிடைக்கும், குண்டு கிடைக்கும். வாஷி காகிதம் மக்கிவிடும். பெண்களின் வேலைதான் முதலில் மறைகிறது.

1945 ஜனவரியில் கொக்குராவுக்கு ரயிலேறிய மாணவிகளில் உயிரோடு இருப்பவர்களுக்கு இன்று தொண்ணூற்றைந்து வயதாவது இருக்கும். சில ஆண்டுகளில் நேரில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கேட்டதால்தான் இவ்வளவாவது வெளியே வந்தது. எந்தப் போரானாலும் சரி, எந்த நாடானாலும் சரி, பதின்வயதில் போர்க்காலத்தைக் கண்ட மூதாட்டி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள். எந்தப் படை வென்றது என்று கேட்க வேண்டாம், அது நூல்களில் இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள், பள்ளி எப்போது நின்றது, கையில் என்ன வேலை கொடுத்தார்கள், யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் பெட்டியில் பழைய தாள் எதுவும் இருந்தால், பயனற்றது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.